வருகிறேன் என்று பதில் சொன்னவர்

இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் ஆண்டின் ஐப்பசி மழையில் இருதயராஜை முதன்முதலாகப் பார்த்தேன். விழுப்புரத்தில் எங்கள் கல்வி அறக்கட்டளையின் தலைமை அலுவலகத்தில் பாடநூல்களுக்கு மெய்ப்புத் திருத்துவது என் வேலை. அந்த ஆண்டு பெய்த மழையில் என் அறைச் சுவரில் ஈரம் இறங்கி, விசிறியின் சுவிட்சைத் தொட்டால் கை அதிர்ந்தது. தோளில் ஏணியோடு வந்தவர், தரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"காலத் தூக்கி மேல வச்சிக்கினு ஒக்காருங்கம்மா. எனக்கு இன்னா ஆனாலும் யாரும் கேக்கப்போறதில்ல. ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா தாளாளரு என்னத்தான் கேப்பாரு."

அப்போது அவருக்கு ஐம்பது வயது. விழுப்புரம் அலுவலகம், அதை ஒட்டிய பள்ளி, திண்டிவனத்தில் உள்ள பாலிடெக்னிக் ஆகிய மூன்றுக்கும் மின்சாரப் பராமரிப்பு அவர் பொறுப்பு. அவருக்குக் கீழே சில ஆள்கள் இருந்தார்கள். எல்லாரும் அவரை மேஸ்திரி என்றே அழைத்தார்கள். திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் பிறந்து, அந்த நகரின் ஓரத்திலேயே இரண்டு அறை வீடு கட்டிக் குடியேறியவர். மனைவி அமலா நிலக்கடலை உடைக்கும் ஆலைக்கு வேலைக்குப் போய்வந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அவரை நல்லவர் என்று மட்டும் எழுதினால் அது பிழையாகும். தம் கீழ் வேலைசெய்தவர்களை வாய்க்கு வந்தபடி ஏசுவார். டிரான்ஸ்ஃபார்மரில் இடி விழுந்த கதையை ஒரே ஆளிடம் பலமுறை சொல்வார். ஊழியர் கூட்டத்தில் அவருக்குப் பேச வாய்ப்புக் கிடைத்துவிட்டால், மோட்டார், பம்பு, பழைய ஒயர் என்று தேநீர் ஆறும்வரை பேசுவார். ஆயினும் பள்ளியில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் பேருந்து ஏறி வந்துவிடுவார்.

அடுத்த ஆண்டு எங்கள் அலுவலகம் மின்னஞ்சலுக்கு மாறியது. ஓட்டுநர் முதல் தாளாளர் வரை அனைவருக்கும் அறக்கட்டளையின் பெயரில் ஒரு முகவரி கொடுக்கப்பட்டது. அதுவரை கூட்டம் என்றால் கடைநிலை ஊழியர் ஒருவர் அறை அறையாகப் போய்ச் சொல்வார். அதன்பின் அழைப்பு கைப்பேசிக்கே வந்தது. அழைப்பவர் நாள், நேரம், இடம் ஆகியவற்றை எழுதி, வரவேண்டியவர்களின் முகவரிகளைச் சேர்த்து அனுப்புவார். அது பெறுபவரின் நாட்காட்டியில் தானாகவே போய் இடம்பிடித்துக்கொள்ளும். அதன் கீழே மூன்று பொத்தான்கள் இருக்கும்: வருகிறேன், வரவில்லை, ஒருவேளை வரலாம். எதை அழுத்தினாலும் அந்தப் பதில் உடனே அழைத்தவரிடம் போய்ச் சேரும். வருகிறேன் என்றவரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் குறி விழும். ஒன்றையும் அழுத்தாதவரின் பெயருக்கு எதிரே 'பதில் இல்லை' என்று மட்டும் காட்டும். அழைத்தவர் கூட்டத்தை ரத்துசெய்தால், அந்தப் பதிவு எல்லாருடைய நாட்காட்டியிலிருந்தும் நீங்கிவிடும்.

தமக்கு வந்த முதல் அழைப்பை இருதயராஜ் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அது தீயணைப்புக் கருவிகளைப் பற்றிய ஒரு சாதாரணக் கூட்டம். திரையில் அவருடைய பெயர் தமிழில், எழுத்துப் பிழையின்றி இருந்தது.

"எங்க அப்பாவ ஒருத்தரும் பேர் போட்டுக் கூப்ட்டது கெடையாதும்மா. பெரிய வீட்டுல கல்யாணம்னா, 'பந்தலுக்குக் கழி எடுத்துக்கினு வந்துரு'ன்னு வழியில போறப்ப சொல்லிட்டுப் போவாங்க. அதான் அவருக்குப் பத்திரிக."

அவர் உடனே 'வருகிறேன்' என்பதை அழுத்தினார். அன்றிலிருந்து தமக்கு வந்த எல்லா அழைப்புகளுக்கும் அதையே அழுத்தினார்.

நம் பக்கத்தில் ஒருவர் வீடு தேடி வந்து பத்திரிகையைத் தட்டில் வைத்து நீட்டினால், அவர் முகத்துக்கு நேரே 'வரமாட்டோம்' என்று யாரும் சொல்வதில்லை. போக முடியாது என்று தெரிந்தாலும், 'அவசியம் வருகிறோம்' என்று சொல்லி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொள்வோம். பிறகு மொய்யை வேறொருவரிடம் கொடுத்தனுப்புவோம். அழைத்தவருக்கும் அது புரியும். அலுவலகத்தில் மற்றவர்கள் இந்தச் சங்கடத்தை மௌனத்தால் தீர்த்துக்கொண்டார்கள். எதையும் அழுத்தாமல், விரும்பினால் போனார்கள், இல்லையென்றால் இருந்துவிட்டார்கள். இருதயராஜுக்கோ, பதில் சொல்லாமல் இருப்பதும் மரியாதைக் குறைவாகவே பட்டது. அலுவலகத் தட்டச்சராகிய கலைப்பிரியா அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள்: வேலை இருந்தால் 'வரவில்லை' என்று அழுத்தலாம், அதில் குற்றமில்லை என்று.

"கூப்ட்டவங்க மூஞ்சிக்கு நேரா வரலன்னு எப்பிடிம்மா சொல்றது? வர்றேன்னு சொல்லி வச்சா, ஒரு வேள போக முடியலன்னாலும் மனசுல வச்சிக்க மாட்டாங்க" என்றார் அவர்.

மனிதர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அந்தப் பச்சைக் குறி அங்கேயே இருக்கும். அதை அவர் அறிந்திருக்கவில்லை.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டின் கோடையில், பராமரிப்பு வேலை முழுவதையும் வெளியூர் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ஒப்படைக்கப்போவதாகப் பேச்சு எழுந்தது. அப்படி ஒப்படைத்தால், இளைஞர்களை ஒப்பந்தக்காரர் எடுத்துக்கொள்வார். ஐம்பதைக் கடந்த இருதயராஜுக்கு வேலை இல்லை. அவர் தாளாளரின் கார் அருகே போய் நின்றார். தாளாளர் கதவைத் திறந்துகொண்டே, அவரை அழைத்து விசாரிக்காமல் எந்த முடிவும் எடுக்கப்போவதில்லை என்றும், கூட்டத்துக்கு முறைப்படி அழைப்பு வரும் என்றும் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். பக்கத்தில் கோப்புகளோடு நின்றிருந்த நிர்வாக அலுவலர் ரஞ்சித் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ரஞ்சித்துக்கு முப்பது வயது. தாளாளரின் தமக்கை மகன். எல்லா அழைப்புகளும் அவருடைய கணினியிலிருந்தே புறப்பட்டன. இருதயராஜின் மீது அவருக்குப் பகை ஏதும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. பிற்பகல்களில் அவருக்குப் பொழுது போகவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் இருதயராஜுக்கு மட்டும் ஓர் அழைப்புப் போயிற்று: பராமரிப்புப் பிரிவு ஆலோசனைக் கூட்டம், இடம் திண்டிவனம் பாலிடெக்னிக் அரங்கம். அன்று அவர் விழுப்புரத்தில், பள்ளிக் கூரையின் மேல் வேலையில் இருந்தார். அழைப்பைப் பார்த்ததும் இறங்கி, குழாயடியில் கைகால் கழுவி, பையில் வைத்திருந்த வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடினார். அலுவலகத்தில் ரஞ்சித்தின் மேசையைச் சுற்றி நாற்காலிகள் நகர்ந்தன.

"மேஸ்திரி இப்ப விக்கிரவாண்டி டோல்கேட்டு தாண்டியிருப்பாரு" என்றார் ஒருவர்.

"இரு, இரு. கூட்டேரிப்பட்டு போவட்டும். பாதி வழில கேன்சல் பண்ணா அப்பிடியே எறங்கிடுவாரு. உள்ள போயி, நாக்காலியத் தொடச்சி ஒக்காரட்டும்" என்றார் ரஞ்சித்.

பூட்டியிருந்த அரங்கத்தைக் காவலாளியிடம் சொல்லித் திறக்கச் செய்து, இருதயராஜ் தாமே விளக்குகளைப் போட்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பிறகு கைப்பேசி ஒலித்தது. கூட்டம் ரத்து. நாட்காட்டியில் இருந்த பதிவும் மறைந்துவிட்டது. அவர் விளக்குகளை அணைத்துவிட்டு விழுப்புரத்துக்குத் திரும்பி, மாலையில் மறுபடி கூரை ஏறினார்.

இது ஒரு விளையாட்டாக வளர்ந்தது. சில அழைப்புகளை ரஞ்சித் ரத்துசெய்தார். சிலவற்றை அப்படியே விட்டுவைத்தார். ஒரே நேரத்துக்கு விழுப்புரத்தில் ஒன்றும் திண்டிவனத்தில் ஒன்றுமாக இரண்டு அழைப்புகளை அனுப்பி, இரண்டுக்கும் 'வருகிறேன்' என்ற பதில் வந்தபோது, அதை எல்லாரும் எழுந்துவந்து பார்த்தார்கள். தேநீர் வேளையில் இருதயராஜைக் கண்டால், மேஸ்திரிக்கு இரண்டு உடம்பா என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவரும் உடன் சிரிப்பார்.

அவரை என் அறைக்கு அழைத்து, அந்த அழைப்புகள் பொய்யானவை என்று சொன்னேன். அவர் வியப்படையவில்லை.

"தெரியும்மா. மொத ரெண்டு தடவயிலயே தெரிஞ்சிபோச்சி."

"தெரிந்துமா போகிறீர்கள்?"

"இன்னா பண்றது? தாளாளரு கூப்புடுறது எனக்கு இதுலதான வரணும். பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்குது. பொய்யின்னு நெனச்சி ஒரு தடவ நான் போவாம வுட்டு, அது நெஜமா இருந்துட்டா?"

தாளாளரிடம் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று கைகூப்பினார். ரஞ்சித் சாருக்குக் கோபம் வந்து உண்மையான அழைப்பையே அனுப்பாமல் விட்டால் என்ன செய்வது என்று கேட்டார். அவர் வேலை போவதற்கும் நிலைப்பதற்கும் இடையில் இருந்தது அந்த ஓர் அழைப்புத்தான். அதை அனுப்பும் கையைப் பகைத்துக்கொள்ள அவர் துணியவில்லை.

உண்மையான அழைப்பு ஆடி மாதத்தில் வந்தது. தாளாளர், முதல்வர்கள், ஒப்பந்தக்காரர் எல்லாருடைய பெயர்களும் அதில் இருந்தன. இடம் திண்டிவனம் அரங்கம். இருதயராஜ் என்னிடம் வந்து, தாம் என்ன பேசவேண்டும் என்று பேசிக்காட்டினார். வழக்கம்போல் நீளமாக இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் கதையை விட்டுவிடுமாறு சொன்னேன். சற்றுத் தயங்கி, ஒப்புக்கொண்டார்.

கூட்ட நாளின் காலையில் தாளாளருக்கு முதுகு வலித்தது. திண்டிவனம் வரை பயணம் செய்ய முடியாது, விழுப்புரத்திலேயே கூடிவிடலாம் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். ரஞ்சித் கணினியில் இடத்தை மாற்றினார். அப்படி மாற்றும்போது, இந்த மாற்றத்தை அழைக்கப்பட்டவர்களுக்குத் தெரிவிக்கவேண்டுமா என்று அந்த மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும். தெரிவிக்காவிட்டால், மற்றவர்களின் நாட்காட்டியில் பழைய இடமே நிற்கும். ரஞ்சித் 'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டு, மற்ற எல்லாரையும் தாமே தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். அருகில் உட்கார்ந்திருந்த கலைப்பிரியா அதைப் பார்த்தாள்.

"சார், மேஸ்திரிக்குப் போவலியே."

"போவலன்னா இன்னா? அவரு எங்க கூப்ட்டாலும் போறவராச்சே. போயிட்டு வரட்டும்."

அவள் கழிவறைக்குப் போகும் சாக்கில் வெளியே வந்து இருதயராஜுக்குத் தொலைபேசி செய்தாள். அவர் எடுக்கவில்லை. முக்கியமான கூட்டத்தில் கைப்பேசி ஒலிக்கக்கூடாது என்று, அரங்கத்துக்குள் நுழையும்போதே ஒலியை அடக்கி வைத்திருந்தார்.

விழுப்புரத்தில் கூட்டம் தொடங்கியது. குறிப்பெடுக்கக் கலைப்பிரியா உள்ளே இருந்தாள். அங்கே நடந்ததை அவள் அன்று மாலையே அழுதுகொண்டு என்னிடம் சொன்னாள். இருதயராஜின் நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்துத் தாளாளர் காரணம் கேட்டிருக்கிறார். ரஞ்சித் சுவர்த் திரையில் அழைப்பைத் திறந்து காட்டினார். இருதயராஜின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் குறி இருந்தது.

"வர்றேன்னு பதில் குடுத்திருக்காரு சார். இது மட்டுமில்ல." முன்பு ரத்துசெய்யாமல் விட்டுவைத்த அழைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாவற்றிலும் பச்சைக் குறி. எதற்கும் ஆள் வரவில்லை என்றார். "இங்க பாருங்க, ஒரே நேரத்துக்கு ரெண்டு ஊருக்கும் வர்றேன்னு சொல்லியிருக்காரு."

அறையில் சிரிப்பு எழுந்தது. தாளாளரும் சிரித்தாராம். பிறகு சிரிப்பை நிறுத்தி, தாம் வாக்குக் கொடுத்தபடி அழைத்தாயிற்று என்றும், வரவேண்டியவன் வரவில்லை என்றும் சொல்லி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். தேநீர் வருவதற்கு முன்பே கூட்டம் முடிந்துவிட்டது.

அந்த நேரத்தில் இருதயராஜ் திண்டிவனம் அரங்கத்தில் எல்லா நாற்காலிகளையும் துடைத்து, ஒலிபெருக்கியைச் சோதித்து வைத்திருந்தார். வெகுநேரம் கழித்துக் கைப்பேசியை எடுத்து, கலைப்பிரியாவின் தவறிய அழைப்பைப் பார்த்து, அவளோடு பேசினார். விழுப்புரத்துக்கு அவர் வந்துசேர்ந்தபோது கார்கள் போய்விட்டிருந்தன. வாசலில் ரஞ்சித் நின்றிருந்தார்.

"இன்னா மேஸ்திரி, வர்றேன்னு சொல்லிட்டு இப்பிடிப் பண்ணிட்டீங்களே. தாளாளரு ரொம்ப வருத்தப்பட்டாரு."

இருதயராஜ் கைப்பேசியை எடுத்து, திண்டிவனம் என்றே எழுதியிருந்த அழைப்பை நீட்டினார். ரஞ்சித் குனிந்து, அதை அக்கறையோடு படித்துப் பார்த்தார்.

"ஒங்க போன்ல எதோ ரிப்பேரு போலருக்குது. நல்ல கடையில குடுத்துப் பாருங்க."

மறுநாள் அவருடைய மின்னஞ்சல் முகவரி மூடப்பட்டது. சாவிக் கொத்தையும் ஏணியையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஏணி அவருடைய சொந்த ஏணி என்பதை நிரூபிக்க ரசீது கேட்டார்கள். அவர் ஏணியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

நான் தாளாளரிடம் போய், நடந்தது அனைத்தையும் சொன்னேன். அவர் என் வயதுக்கு மரியாதை கொடுத்து எழுந்து நின்று கேட்டார். தம் தமக்கை மகனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இருதயராஜ் விரும்பினால் அவரை மறுபடி ஒருமுறை அழைத்துக் கேட்கலாம் என்றும், மேல்முறையீட்டுக் குழு அடுத்த மாதம் கூடும் என்றும், முறைப்படி அழைப்பு வரும் என்றும் சொன்னார். அதை நானே இருதயராஜுக்குச் சொல்லி அனுப்பினேன். அழைப்பு வரட்டும், இந்த முறை முதல் நாளே வந்து வாசலில் படுத்துக்கொள்கிறேன் என்று அவர் பதில் சொல்லி அனுப்பினார்.

அவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கவில்லை. கல்யாண மண்டபங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் சீரியல் விளக்குக் கட்டப் போனார். உதவிக்கு ஆள் வைக்க வசதியில்லை. அவரிடம் வேலை கற்றவர்கள் ஒப்பந்தக்காரரின் நீலச் சட்டையை அணிந்திருந்தார்கள். ஆவணியில் ஒரு திருமணப் பந்தலில், இரவல் வாங்கிய ஏணி சேற்றில் சறுக்கி, முதுகெலும்பு அடிபட விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. பந்தலுக்குரிய வீட்டார், மங்கல காரியத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று அவரைத்தான் கடிந்துகொண்டார்களாம்.

மேல்முறையீட்டுக் குழு சொன்னபடி கூடியது. ரஞ்சித் சொன்னபடி அழைப்பும் அனுப்பினார். ஆனால் அதை இருதயராஜின் பழைய அலுவலக முகவரிக்கு அனுப்பினார். அப்படி ஒரு முகவரி இல்லை என்ற செய்தி அவருக்கே திரும்பி வந்தது. குழுவின் திரையில் இருதயராஜின் பெயருக்கு எதிரே 'பதில் இல்லை' என்று காட்டியது. முன்பெல்லாம் வருகிறேன் என்றாவது சொல்வார், இப்போது அந்த மரியாதையும் போய்விட்டது என்று ரஞ்சித் சொன்னாராம். கலைப்பிரியா மூலம் இதை அறிந்து, நான் மறுபடியும் தாளாளரிடம் போனேன். இம்முறை அவர் எழுந்து நிற்கவில்லை.

"ரெண்டு தடவ கூப்ட்டாச்சிம்மா. இதுக்கு மேல பல்லக்கு அனுப்ப முடியாது."

நான் அந்த வேலையை விட்டேன். அதனால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மெய்ப்புத் திருத்துவதற்கு வேறொருவர் வந்தார்.

புரட்டாசியில், நடந்ததை நேரில் சொல்லிவிடவேண்டும் என்று திண்டிவனத்துக்குப் போனேன். அமலா கதவைத் திறந்தார். உள்ளே, சன்னலோரக் கட்டிலில் இருதயராஜ் படுத்திருந்தார். படுக்கைப்புண் அழுகி, அறை முழுவதும் மருந்தும் சீழுமாக நாறியது. முகம் சுருங்கிப் போயிருந்தது. மார்பின் மேல் கைப்பேசி இருந்தது. என்னைக் கண்டதும், உட்கார நாற்காலி எடுத்துப் போடாத மனைவியை ஏசினார். குரலில் பழைய அதிகாரம் சிறிது மிச்சமிருந்தது.

"காய்ச்சல் நெருப்பாக் கொதிக்குது. டாக்டரு கைய விரிச்சிட்டாரு" என்று அமலா என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு கட்டிலைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார்: "இந்த நெலையிலயும் அந்தப் போனக் கட்டிக்கினு கெடக்குது. யோவ், அவங்க ஒன்னக் கூப்புட மாட்டாங்கய்யா. நான் மில்லுல மல்லாட்ட ஒடச்சிக் கஞ்சி ஊத்துறேன், குடிச்சிட்டுக் கம்முனு கெட."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கண் மங்கிவிட்டதால், திரையில் இருப்பதைப் படிக்க முடியவில்லை என்று என்னிடம் முறையிட்டார். அமலாவுக்குப் படிக்கத் தெரியாது. அக்கம்பக்கத்தார் யாரும் அறைக்குள் வருவதில்லை. நான் கட்டிலருகே குனிந்து, சொல்லவந்ததைத் தொடங்கினேன். அவர் என்னைப் பேசவிடவில்லை. கைப்பேசியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டார்.

"குழு கூடுற மாசம் ஆயிடிச்சில்ல. அழப்பு வந்திருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கம்மா."